சோமாலியாவின் சோளக் களஞ்சியம் பூர் ஹகபா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 செப்டம்பரில், தெற்கு சோமாலியாவின் இரண்டு மாவட்டங்களில் பஞ்சம் வரப்போகிறது என்று ஐ.நா. எச்சரித்தது. ஒன்று பைடோவா, இன்னொன்று பூர் ஹகபா. இரண்டும் பே என்ற பகுதியைச் சேர்ந்தவை. சோமாலியாவில் விளையும் சோளத்தில் (மக்காச்சோளம் இல்லை, செஞ்சோளம்) பல ஆண்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பகுதியிலிருந்துதான் வருகிறது. சோளம் விளையும் ஊரில் பஞ்சம் எப்படி வரும்? பூர் ஹகபாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லாரும் கேட்பது இதைத்தான். அதற்குப் பதில் சொல்ல முதலில் மண்ணையும் மழையையும் ஆட்களையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால், அந்தக் கேள்வி இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டித்தான் வரும்.

பூர் ஹகபா எங்கே இருக்கிறது?

நாட்டின் தலைநகர் மொகதிசுவிலிருந்து வடமேற்கே பைடோவாவுக்குப் போகும் நெடுஞ்சாலையில், சுமார் 180 கி.மீ. தொலைவில். அங்கிருந்து இன்னும் 60 கி.மீ. போனால் பே பகுதியின் தலைநகரான பைடோவா. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று டிகிரிக்குள் இருக்கிற ஊர்.

தென் சோமாலியாவில் இரண்டு பெரிய ஆறுகள் உண்டு: கிழக்கே ஷபெல்லே, மேற்கே ஜூபா. பே பகுதி இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் புத்தகங்களில் ‘ஆற்றிடைப் பகுதி’ என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு வாய்க்கால், மதகு, நஞ்சை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரண்டு ஆறுமே இந்த மாவட்டத்துக்கு எட்டாத தூரத்தில் ஓடுகின்றன. இது வானம் பார்த்த பூமி.

மக்கள்தொகை எவ்வளவு?

பே பகுதி முழுவதற்கும் சுமார் 7.9 லட்சம் என்பது 2014இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் எடுத்த மதிப்பீடு. அதற்குப் பிறகு வறட்சியிலும் சண்டையிலும் மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்துவிட்டார்கள். மாவட்டவாரியாக இணையத்தில் கிடைக்கும் எண்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

சோமாலியா பாலைவனம்தானே? அங்கே எப்படி விவசாயம்?

வடக்கில் வறண்ட கரைகள் உண்டு. பே அப்படி இல்லை. பைடோவா வட்டாரத்தில் ஆண்டுக்கு 500 முதல் 600 மி.மீ. வரை மழை பெய்கிறது. பல இடங்களில் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண். சில இடங்களில் செம்மண். கரிசல் ஒரு நல்ல மழையைக் குடித்துவிட்டால் வாரக்கணக்கில் ஈரம் காக்கும். சோளத்துக்கு அது போதும். பயிர் வைக்காத இடமெல்லாம் வேல மர வகைகளும், வெள்ளைப்போளம் தரும் இனத்தைச் சேர்ந்த குட்டை மரங்களும் நிறைந்த முள்காடு. அது ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சல்.

படங்களில் தெரியும் அந்தப் பாறைக் குன்றுகள் என்ன?

சமவெளி நடுவே, சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல, தனித்தனியாக எழும்பி நிற்கும் கருங்கல் குன்றுகள். ‘பூர்’ என்றாலே அங்கே குன்றுதான். ஊர்ப் பெயர்களில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை மூடியிருக்க, இந்த வட்டாரத்தில் மட்டும் மிகப் பழைய அடித்தளப் பாறை மேலே தெரிகிறது. சுற்றியிருந்த மண் அரித்துப் போக, கெட்டியான கல் நின்றுவிட்டது. பூர் ஹகபா ஊரே அப்படி ஒரு பெரும்பாறையின் அடியில்தான் இருக்கிறது. மழைநீர் பாறையிலிருந்து வழிந்து அடிவாரத்தில் தேங்கும் என்பதால், மனிதர்கள் ஆதியிலிருந்தே இந்தக் குன்றுகளை விட்டு விலகவில்லை.

எவ்வளவு ஆதி என்பதற்குச் சான்று, இதே வட்டாரத்திலுள்ள பூர் ஹேபே குன்று. இத்தாலியத் தொல்லியலாளர் பாவ்லோ கிராசியோசி 1935இல் இங்கே தோண்டினார். பிறகு 1980களில் ஸ்டீவன் பிராண்ட் தலைமையிலான குழு கோகோஷீஸ் கபே என்ற பாறைக் குடைவில் 14 பேரைப் புதைத்த குழிகளைக் கண்டெடுத்தது. வேட்டையாடி வாழ்ந்த, பனியுகம் முடிந்த பிறகு வந்த முற்காலத்து மக்கள் அவர்கள். சிலருடைய எலும்புகளோடு குடு என்ற மானின் கொம்புகளும் வைக்கப்பட்டிருந்தன. இறந்தவரோடு பொருள் வைத்துப் புதைக்கும் வழக்கத்துக்கு ‘ஆப்பிரிக்காவின் கொம்பு’ எனப்படும் வடகிழக்கு முனையில் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. உள்நாட்டுச் சண்டை தொடங்கியதும் ஆய்வு நின்றுபோனது. அந்த இழப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மழைக்காலம் எப்போது?

ஆண்டை நான்காகப் பிரிக்கிறார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ‘கூ’, பெருமழை. ஜூலை முதல் செப்டம்பர் வரை ‘ஹகா’, காற்றும் சிறு தூறலும். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை ‘தெய்ர்’, சிறுமழை. அப்புறம் மார்ச் முடியும் வரை ‘ஜிலால்’. ஜிலாலில் வானம் கைவிட்டுவிடும். குளம் வற்றும், கால்நடை மெலியும், பால் குறையும்.

கூ மழைக்கு விதைத்ததை ஜூலை, ஆகஸ்ட்டில் அறுக்கிறார்கள். அறுத்த தாளை அப்படியே விட்டுவைத்தால் தெய்ர் மழையில் மறுதாம்பு துளிர்க்கும். அதிலிருந்தும் கொஞ்சம் தானியம் கிடைக்கும், இல்லாவிட்டால் தட்டையாவது மாட்டுக்கு ஆகும். இரண்டு மழையில் ஒன்று பொய்த்தால் சமாளிப்பார்கள். தொடர்ந்து இரண்டு, மூன்று பொய்த்தால்தான் ஆபத்து. 2020 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை ஐந்து பருவங்கள் வரிசையாகப் பொய்த்தன.

இவர்கள் விவசாயிகளா, மேய்ப்பர்களா?

இரண்டும்தான். ஒரே குடும்பத்தில் பெரியவர்களும் பெண்களும் ஊரோடு இருந்து சோளத்தைப் பார்ப்பார்கள். இளைஞர்கள் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு தொலைவில் மேய்ச்சலுக்குப் போயிருப்பார்கள். ஆடும் பசுவும் ஊருக்கு அருகில் நிற்கும். அறுவடை முடிந்ததும் ஒட்டகமும் வந்து தாளை மேயும், வயலுக்கு உரமும் கிடைக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல விளைச்சல் வந்தால் சோளத்தை விற்று ஆடு வாங்குவார்கள். விளைச்சல் படுத்தால் ஆட்டை விற்றுச் சோளம் வாங்குவார்கள். வங்கி இல்லாத ஊரில் ஆடுதான் சேமிப்பு. ஒட்டகம் கடைசிக் கையிருப்பு, அதை லேசில் விற்க மாட்டார்கள். தென் சோமாலிய ஆற்றங்கரையில் வயல் மட்டும் வைத்திருப்பவர்களையும், வடக்கே ஒட்டகம் மட்டும் வைத்திருப்பவர்களையும் விட இவர்களுடைய ஏற்பாடு எனக்குப் பாதுகாப்பானதாகவே தெரிகிறது. அதையும் உடைக்க முடியும் என்று 1992 காட்டியது. அந்தக் கதையைப் பின்னால் பார்ப்போம்.

எப்படி உழுகிறார்கள்? விளைச்சல் எவ்வளவு?

பெரும்பாலும் கைவேலை. ‘யாம்போ’ என்ற குட்டைக் கைப்பிடி களைக்கொத்தி எல்லார் வீட்டிலும் இருக்கும். மழைநீர் ஓடிவிடாமல் நிற்க, வயலைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து வரப்பு போடுகிறார்கள். இதற்கு ‘கவாவா’ என்று ஒரு மரக்கருவி. ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இழுக்க வேண்டும், தனி ஆளால் முடியாது. நிலத்தை அளப்பது ‘ஜிபால்’ கணக்கில்: ஒவ்வொரு பக்கமும் 25 மீட்டர் உள்ள சதுரம். நான்கு ஜிபால் ஒரு ‘தராப்’, அதாவது கால் ஹெக்டேர். நம் கணக்கில் ஏறக்குறைய 62 சென்ட்.

விளைச்சல் குறைவுதான். ஹெக்டேருக்கு 300 முதல் 500 கிலோ வந்தால் சுமாரான ஆண்டு. உரம் வாங்கிப் போட்டு, மழை வராமல் போனால் கடன் மட்டும் மிஞ்சும் என்பதால் யாரும் துணிவதில்லை. செஞ்சோளத்தோடு தட்டைப்பயறும் எள்ளும் போடுவார்கள். தண்டுத் துளைப்பான் ஒரு தொல்லை என்றால், கதிர் பால் பிடிக்கும்போது வரும் குவேலியா குருவிக் கூட்டம் அதைவிடப் பெரிய தொல்லை. அந்த வாரங்களில் சிறுவர்கள் பரண் மேல் ஏறி, கவணில் கல் வைத்து விளாசிக்கொண்டு, விடியலிலிருந்து பொழுது சாயும் வரை கத்திக்கொண்டே இருப்பார்கள்.

அறுத்த சோளத்தை எங்கே வைக்கிறார்கள்?

மண்ணுக்குள். ‘பகார்’ என்று பெயர். மொகதிசுவின் புகழ்பெற்ற பகாரா சந்தை என்ற பெயரும் இதிலிருந்து வந்ததுதான்.

மேடான, நீர் தேங்காத இடமாகப் பார்த்துக் குழி வெட்டுவார்கள். அடியிலும் பக்கங்களிலும் சோளத்தட்டையும் பதரும் பரப்பி, நன்றாகக் காய்ந்த தானியத்தைக் கொட்டி, மேலே மறுபடியும் தட்டை போட்டு மண்ணால் மூடிக் கூம்பாகக் குவித்துவிடுவார்கள். உள்ளே காற்று தீர்ந்துபோய் வண்டு செத்துவிடும். ஓரம் பட்ட தானியம் பூஞ்சை பிடித்து வீணாகும். நடுவில் இருப்பது இரண்டு மூன்று ஆண்டுக்கும் தாங்கும். ஒரு நல்ல கூ அறுவடை அடுத்தடுத்த இரண்டு மோசமான பருவங்களைக் கடத்திவிடும் என்பது இந்தக் குழியை நம்பித்தான். மேலே மண் மேடு இருப்பதால் வெளியாளுக்கும் இடம் தெரியும், அதுதான் இதன் பலவீனம்.

குடிக்கத் தண்ணீர்?

‘வார்’ என்று சொல்லும், கையால் வெட்டிய குளங்கள்தான் பெரும்பாலும். ஊரார் சேர்ந்து வெட்டியது ஊரார் பொதுச் சொத்து. மழைக்கு முன்னால் தூர்வாருவதும் ஊரார் வேலை. யார் எப்போது மாட்டை இறக்கலாம், வெளியூர் மந்தை எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கெல்லாம் முறை உண்டு. ஆழ்துளைக் கிணறு சில இடங்களில் இருக்கிறது. அதற்கு டீசல் வேண்டும், டீசலுக்குச் சாலை வேண்டும். தண்ணீர் சுமப்பது பெண்கள் தலையிலும் கழுதை முதுகிலும் விழுகிறது. ஜிலால் முற்ற முற்ற தூரம் கூடும்.

என்ன சாப்பிடுகிறார்கள்?

சோளக்களி, சோளமாவு அப்பம், அவித்த சோளம். மேலே பால், நெய் அல்லது நல்லெண்ணெய். ஒட்டகப் பாலுக்குத் தனி மரியாதை.

விருந்தாளி வந்தால் காப்பிக்கொட்டை வறுப்பார்கள். நாம் போடும் காப்பி இல்லை. தோல் உரிக்காத காப்பிக்கனியின் நுனியைக் கிள்ளி, நெய்யிலோ நல்லெண்ணெயிலோ போட்டுப் பொரிப்பார்கள். அது வெடிக்கும் சத்தம் கேட்டதும் பேச்சு நிற்கும், வாசனை பரவும், பெரியவர் துவா ஓதுவார். பிறகு மரக்கிண்ணத்தில் எண்ணெயோடு சுற்றிவரும். கொட்டையை மென்றுவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைக் கையிலும் முகத்திலும் தலையிலும் தடவிக்கொள்வார்கள். ‘புன்’ என்று இதற்குப் பெயர். கல்யாணம், சமரசம், மழைக்கு வேண்டுதல் எதுவானாலும் புன் உண்டு.

பஞ்ச காலத்தில் ‘கரஸ்’ மரத்தின் விதையைப் பறித்து நீண்ட நேரம் வேகவைத்துத் தின்பார்கள். அந்த மரம் வறட்சியிலும் காய்க்கும்.

இங்கே வாழ்பவர்கள் யார்?

ரஹன்வெய்ன் என்ற பெருங்குலக் கூட்டம். திகில், மிரிஃப்லே என்ற இரு பெரும் பிரிவுகள். பூர் ஹகபா எலாய் குலத்தின் ஊர். குலத் தலைவருக்கு ‘மலாக்’ என்று பட்டம். எல்லாரும் சன்னி முஸ்லிம்கள், ஷாஃபி வழி. காதிரியா, அஹ்மதியா போன்ற சூஃபி மரபுகளும் இந்த வட்டாரத்தில் வேரூன்றியவை.

அவர்கள் பேசுவது சோமாலிதானே?

மாய். மொகதிசு வானொலியில் கேட்கும் சோமாலி மஹா வகை. மஹா மட்டும் தெரிந்த வடக்கத்தியருக்கு மாய் பேச்சைப் பின்தொடர முடியாது. மொழியியலாளர்கள் பலர் இதைத் தனி மொழியாகவே எண்ணுகிறார்கள். 1972இல் சோமாலிக்கு லத்தீன் எழுத்து வந்தபோது பள்ளியும் அரசும் மஹா வகையில் நடந்தன. மாய் பேசும் பிள்ளை வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று படித்தது. 2012இன் தற்காலிக அரசியலமைப்பு, அதிகாரமொழி சோமாலி என்று சொல்லி, அதன் வகைகளாக மாய், மஹா இரண்டையும் குறிப்பிட்டது. நாற்பது ஆண்டு தாமதம்.

வெளியாள் அந்தக் குலத்தில் சேர முடியுமா?

முடியும். வடக்குச் சோமாலியக் குலங்களில் தந்தைவழி வம்சாவளியை ஒப்பிக்கத் தெரிவதுதான் ஒருவரின் அடையாளம். இங்கே நிலம்தான் பிடிமானம். நிலம் கேட்டு வருகிறவர் ஊர்ப் பெரியவர்கள் முன் அந்தக் குலத்தின் பெயரை ஏற்று, மலாக்கின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, இரத்தப் பணத்தில் பங்கு கட்ட ஒப்புக்கொண்டால் அவரும் ஒருவர். கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் தொகைதான் இரத்தப் பணம். ஓர் ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகம் என்பது மரபுக் கணக்கு, அதை ஒரு வீட்டால் கட்ட முடியாது. தலைமுறை தலைமுறையாக இப்படிச் சேர்ந்து சேர்ந்து, சில ரஹன்வெய்ன் குலங்களில் வந்தேறிகளின் வழிவந்தவர்களே அதிகம்.

இந்தக் கலப்பைக் காட்டியே மேய்ச்சல் குலங்கள் இவர்களை இளக்காரமாகப் பார்த்தன. ‘மண்ணைக் கிண்டுகிறவன்’ என்ற அலட்சியம் அரசு வேலையிலும் படையிலும் வெளிப்பட்டது.

ஆனால் இவர்களுக்குள்ளும் மேல்கீழ் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பூர் ஹேபே குன்றைச் சுற்றி ஏய்லே என்ற சிறு சமூகம் வாழ்கிறது. நாய் வைத்து வேட்டையாடியவர்கள், பானை செய்பவர்கள், இப்போது பயிரும் வைக்கிறார்கள். அண்டைக் குலத்தார் அவர்களோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை.

சரி, சோளம் விளையும் ஊரில் ஏன் பஞ்சம்?

1991 ஜனவரியில், நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பாரே மொகதிசுவை விட்டு ஓடினார். அவருடைய படையும், அவரைத் துரத்திய எதிரணித் தலைவர் ஜெனரல் ஐதீதின் படையும் 1992 ஏப்ரல் வரை பே பகுதிக்குள் முன்னும் பின்னுமாக ஓடின. இரு தரப்புக்கும் சம்பளம் கிடையாது, சாப்பாடு வேண்டும். பகார்களைத் தோண்டினார்கள். விதைச் சோளம் வரை போனது. ஆடு மாடு ஒட்டகம் ஓட்டிச் செல்லப்பட்டன. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் பெயர்க்கப்பட்டன. இவ்வளவுக்கும் ரஹன்வெய்ன் மக்களிடம் சொல்லிக்கொள்ளும்படி ஆயுதம் இல்லை. வறட்சி அப்போது இருந்தது உண்மைதான். ஆனால் வறட்சியைத் தாண்டுவதற்கென்றே செய்துவைத்த குழியும் மந்தையும் கொள்ளை போனதால்தான் மக்கள் செத்தார்கள். பைடோவாவுக்கு ‘மரண நகரம்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

2011இல் கதை கொஞ்சம் வேறு. மழை தொடர்ந்து பொய்த்தது, உணவு விலை ஏறியது. அந்தக் கிராமங்களை ஆண்ட அல்ஷபாப் என்ற இஸ்லாமிய ஆயுதக் குழு பல உதவி அமைப்புகளைத் தடை செய்திருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டங்களுக்குப் பயந்து மேற்கு நாடுகளின் நிதியும் சுருங்கியிருந்தது. 2011 செப்டம்பரில் பே பகுதியில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. தென், மத்திய சோமாலியா முழுக்க சுமார் 2.6 லட்சம் பேர் இறந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள், அதில் பாதி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

2022இல் உதவி ஓரளவு முன்கூட்டியே போனதால் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கவில்லை என்பதால் சாவு நின்றுவிடவில்லை. அந்த ஆண்டில் நாடு முழுக்க வழக்கத்துக்கு மேல் 43,000 பேர் இறந்திருக்கலாம் என்பது ஓர் ஆய்வு மதிப்பீடு.

ஆக, மண் மோசம் என்று சொல்ல மாட்டேன். தானியம் வைத்திருக்கிறவனிடம் அதைக் காக்கும் பலம் இல்லை. சாலையை வைத்திருக்கிறவன் ஒவ்வொரு தடுப்பிலும் வரி வாங்குகிறான். மழை பொய்க்கும்போது மட்டும் உலகத்துக்கு இது தெரிகிறது.

இந்தியாவுக்கு இந்த இடத்தோடு ஏதாவது தொடர்பு?

உண்டு. ஐ.நா. அமைதிப்படையில் 1993, 94இல் இந்தியப் படைப்பிரிவு ஒன்று பைடோவா வட்டாரத்தில் இருந்தது. 1994 ஆகஸ்ட் 22 அன்று, பைடோவா சாலையில் பூர்லேகோ அருகே பதுங்கித் தாக்கியதில் ஏழு இந்திய வீரர்கள் இறந்தார்கள். அதே மாதம் 31 அன்று பைடோவாவில் ராக்கெட் குண்டு விழுந்து மூன்று இந்திய ராணுவ மருத்துவர்கள் பலியானார்கள். நம் ஊரில் இது அநேகமாக மறந்துபோன செய்தி.

இப்போது யார் ஆட்சி?

1999இல் ரஹன்வெய்ன் எதிர்ப்புப் படை, எத்தியோப்பிய உதவியோடு பைடோவாவை மீட்டது. 2006இல் சோமாலியாவின் இடைக்கால நாடாளுமன்றம் பைடோவாவில் ஒரு பழைய தானியக் கிடங்கைச் சீர்செய்து அங்கேதான் கூடியது. 2009இல் நகரம் அல்ஷபாபிடம் போய் 2012இல் திரும்பியது. பூர் ஹகபா நகரம் 2013 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியப் படைகள் கைக்கு வந்தது. 2014இல் தென்மேற்கு மாநிலம் உருவாகி, பே பகுதி அதற்குள் வந்தது. கூட்டாட்சி வேண்டும் என்று திகில்-மிரிஃப்லே மக்களின் கட்சி சுதந்திரத்துக்கு முன்பே கேட்டது. அப்போது அதைப் பிரிவினைப் பேச்சு என்று ஒதுக்கினார்கள்.

நடைமுறையில் நகரம் அரசிடம், கிராமங்களில் பெரும்பகுதி அல்ஷபாபிடம். அவர்கள் விளைச்சலிலும் மந்தையிலும் ‘ஸகாத்’ (இஸ்லாம் விதித்த தர்மப் பங்கு) என்ற பெயரில் பங்கு எடுக்கிறார்கள். கொடுக்க முடியாதவர்கள் பைடோவாவுக்கு ஓடுகிறார்கள். அங்கே சுமார் 500 தற்காலிகக் குடியிருப்புகளில் பல லட்சம் பேர், குச்சியும் துணியும் வைத்துக் கட்டிய குடிசைகளில்.

கனிமவளம் இருக்கிறதாமே?

பூர் வட்டாரத்தில் அலியோ கெல்லே என்ற இடத்தில் யுரேனியமும், பூர் கலன் பக்கம் இரும்புத் தாதும் கண்டறியப்பட்டிருக்கின்றன. பல பத்தாண்டுகளாகத் தாளில்தான் இருக்கிறது. அதை நம்பி ஊர் மாறும் என்று கட்டுரை எழுதுகிறவர்களை நான் பொருட்படுத்துவதில்லை.

அடுத்த முறை செய்தியில் பூர் ஹகபா பெயர் வந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

மழை அளவைவிட ஒரு விலையை: ஓர் ஆட்டை விற்றால் எத்தனை கிலோ செஞ்சோளம் கிடைக்கிறது என்பதை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கீழ் இயங்கும் உணவுப் பாதுகாப்புப் பிரிவு பைடோவா சந்தைக்கு இதைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. ஒரு நாள் கூலிக்கு எத்தனை கிலோ என்றும் பார்க்கிறார்கள். ஆடு நோஞ்சானாகி விலை இறங்க, சோளம் விலை ஏற, இந்த எண் பருவத்துக்குப் பருவம் சரிந்துகொண்டே போனால் நிலைமை கெடுகிறது என்று அர்த்தம். பஞ்சம் என்ற சொல் தலைப்பில் வருவதற்குப் பல மாதம் முன்பே அது தெரிந்துவிடும்.